கொழுந்துத் தராசில் தவமணி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தராசின் கொக்கியைப் பிடித்துக் கால்களை மடக்கித் தொங்குகிறாள் ஒன்பது வயது தவமணி. எடை நாற்பது கிலோ, வயதுக்கு அதிகம் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் போன வாரம் சொன்னதிலிருந்து அவளுக்கு டின் பால் கிடையாது. பள்ளிக்கு லோரியும் கிடையாது, மேடேறி நடைதான். வெயிலில் தகரக் கூரை படபடக்கிறது. அம்மா வேலாயி குனிந்து மகளின் வாயை முகர்கிறாள். பல்பொடி வாசனைதான். விரல்களையும் முகர்கிறாள். "நான் ஒன்னும் திங்கலலா, அம்மா." கங்காணி சின்னையா முள்ளைப் பார்த்து, "முப்பத்தேழு" என்கிறார். தவமணி சிரிக்கிறாள். ஒரே வாரத்தில் மூன்று கிலோவா? "எறங்காத, இரு" என்றபடி வேலாயி, கொழுந்து பறிக்கும் இத்தனை வருடத்தில் முதன்முறையாக, தராசின் முன்பக்கம் போய் நிற்கிறாள். முள் முப்பத்தொன்பதில் நிற்கிறது. "என்னா கங்காணி, முப்பத்தொம்பதுல காட்டுது?" அவர் பென்சிலைக் காதில் செருகுகிறார். "பழக்கத்துல சொல்லிட்டேன்லா. கொழுந்து ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்போம்ல." வேலாயி மகளின் கவுனைத் தொட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருக்கிறது. பிறகு, நிறுவைக்குக் காத்திருக்கும் தன் கூடைக்குள் முழங்கைவரை கையை விட்டு, ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பிசைகிறாள். உள்ளங்கை நனையவே இல்லை.