பிரெஞ்சில் ஒரு லயம்

பதுளையில் அரசாங்க ஊழியர்களுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடத்தும் புஷ்பகாந்தி, இன்று வாய்மொழிப் பரீட்சை வைக்கிறாள். இரண்டு தடவை கோட்டைவிட்ட கிளார்க் லோகராணிக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பிறந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்காரி என்று கந்தோரில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் அளந்து வைத்திருப்பவள், இல்லாத மாடிவீட்டில் ஏறமுடியாமல் திக்குகிறாள். ஜன்னல் வெயில் மேசையில் சும்மா கிடக்கிறது. "அக்கா, ஹல்துமுல்லையில நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டையே சொல்லவா? இங்க ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?" என்று தமிழில் கிசுகிசுக்கிறாள். "அடியே, எல்லாருக்கும் தெரியும். சொல்லு." தகரக் கூரை மழையும், ஈரக் கொழுந்து வாசமும், கொழுந்து பறிக்க அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் பிரெஞ்சில் மளமளவென்று வருகின்றன. பாஸ் என்று எழுதிய பிறகும் புஷ்பகாந்தி அவளை விடுவதாயில்லை. "சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் காம்பராவுல நாங்க இருந்தோமே, அதையும் சொல்லுடி."