சிரிப்பதற்கு ஒரு ஆள்

"சார், அந்தத் தப்புத்தாளத்தை நிறுத்துங்க. இல்லன்னா நாங்க நின்னுக்கிறோம்!"

முன்வரிசைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து வந்து முறையிட்டார்கள். வாத்தியாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவருடைய பொறுமையும் எப்போதோ கரை தாண்டியிருந்தது.

மெத்தைக்கடை மாடியில் மாலை ஆறு மணிக்கு ஆங்கில வகுப்பு. வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களுமாகப் பதினெட்டுப் பேர். நாளுக்கு ஒரு வாக்கிய அச்சு. முந்தின நாளே சொல்லி அனுப்பிவிடுவார்.

"அச்சு என்னுது, மண்ணு உங்களுது. ஆளுக்கொரு செங்கல் அறுத்துட்டு வாங்க" என்பார்.

எல்லோரும் எப்படியோ ஒரு செங்கல்லோடு வந்துவிடுவார்கள். வகுப்பு 'தப்புத்தாளம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்த அந்த ஆள் மட்டும் சேற்றைக் குழைத்துத் தன் தலையிலேயே கொட்டிக்கொள்வார். எங்கோ சரக்குக் கிடங்கில் வேலை. வகுப்புக்கு மனைவியோடு வருவார், மனைவியோடு போவார்.

நேற்றைய அச்சு, 'வுட் யூ லைக் டு'. பல் டாக்டரிடம் வந்தவரை மரியாதையாக உட்காரச் சொல்ல வேண்டும். தப்புத்தாளம் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"வுட் யூ லைக் டு சிட் ஆன் த டாக்டர்?"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு.

"டாக்டர் மேல ஏறி உட்கார்ந்தா அவர் எப்படிங்க பல்லைப் பிடுங்குவார்?" என்று மனைவி அவர் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டு எழுந்தாள். "வுட் யூ லைக் டு சிட் ஹியர், ப்ளீஸ்?"

சூளையில் வெந்த செங்கல் மாதிரி வாக்கியம்.

"ஓ... அப்படியா!" என்று தலையைச் சொறிந்தார் தப்புத்தாளம்.

முதல் நாள் தன் பெயரைச் சொல்லக்கூட நாக்கு எழாமல் உட்கார்ந்திருந்த பெண் அவள். எட்டே வாரத்தில் இந்த வளர்ச்சி. வெள்ளிக்கிழமை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலைக்கு நேர்காணல். வாழ்க்கையிலேயே முதல் நேர்காணல். மேல் வகுப்பில் நாலு நாள் உட்கார்ந்தால் வேலை கைக்கு வந்தமாதிரிதான்.

'ஓடத் தெரிந்த குதிரையின் காலில் உரலைக் கட்டி வைத்திருக்கிறதே!' என்று வாத்தியார் நொந்துகொண்டார். புருஷன்காரரை நாசூக்காக நிறுத்திவிட்டு, அவளை மட்டும் மேலே ஏற்றிவிட வேண்டியதுதான்.

மத்தியானம், தப்புத்தாளத்தின் விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

எடுத்ததுமே மறுமுனையில் ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. கப்பல் இரண்டு நாள் தாமதம், சரக்கை வேறு கப்பலில் ஏற்றியாகிவிட்டது, பாதியில் லைன் அறுந்ததற்கு மன்னிக்கவும். ஒரு தடங்கல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. வாத்தியாருக்கே அப்படிப் பேச வராது.

எண்ணை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். சரியான எண்தான்.

"நான்... இங்கிலீஷ் வாத்தியார் பேசறேன்."

மறுமுனையில் குரல் தணிந்து தமிழுக்கு மாறியது. "சார்... அவகிட்ட சொல்லிடாதீங்க சார்."

"என்னங்க கூத்து இது? எட்டு வாரமா எங்களை எல்லாம்..."

"நாலு பேர் சிரிப்பாங்களேன்னு பயந்து, உங்க மாடிப்படியில பாதி ஏறி மூணு தடவை திரும்பி வந்துட்டா சார். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல நான் வீட்டுல ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசினதில்லை. எனக்கும் வராது, சேர்ந்து படிக்கலாம்னு பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். வகுப்புன்னா சிரிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல? அது நானா இருந்துட்டா, அவ பக்கம் யாரும் திரும்ப மாட்டாங்க."

வாத்தியார் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அப்போ அந்த... டாக்டர் மேல உட்கார்றது?"

"முந்தின நாளே யோசிச்சு வெச்சதுங்க சார்" என்றார் தப்புத்தாளம், கொஞ்சம் பெருமையாகவே.

சாயங்காலம் முன்வரிசையிடம் வாத்தியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவர் இருப்பார். அவர் இல்லன்னா இங்கே செங்கல் வேகாது."

வெள்ளிக்கிழமை வந்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிவந்தாள் அவள்.

"கிடைச்சிருச்சு சார்! திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க!"

வகுப்பே எழுந்து கைதட்டியது. பலமாகத் தட்டியது முன்வரிசைதான்.

"அவர் எங்கேம்மா?"

"கீழே வண்டியை நிறுத்திட்டு வர்றார் சார்."

வாத்தியார் அவளைத் தனியே அழைத்தார். அந்த மனுஷனுக்கும் கோமாளி வேஷத்திலிருந்து விடுதலை கொடுக்க வேண்டாமா?

"இனிமே நீ மேல் வகுப்பும்மா. உன் வீட்டுக்காரர் படிச்ச வரைக்கும் போதும், விட்டுடலாம்."

"ஐயோ, வேண்டாம் சார்! எங்க ரெண்டு பேரையும் இங்கேயே வெச்சுக்கோங்க."

"வேலைதான் கிடைச்சிருச்சே, இன்னும் எதுக்கு?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன மாசம் சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டார்னு கிடங்குக்கு எடுத்துட்டுப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, அவர் போன்ல பேசினதை முழுசாக் கேட்டேன் சார்."

வாத்தியாரும் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சுமா இத்தனை நாள் அவரைத் திருத்திட்டிருந்தே?"

"நான் திருத்தறப்போ அவர் முகத்துல ஒரு பெருமை வருமே, பார்த்திருக்கீங்களா சார்? அதை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கறேன்... அவர்கிட்ட சொல்லிடாதீங்க."