பதினேழா, பன்னிரண்டா?

"இந்த வாரத்துல இது மூணாவது தடவை, டெல்பின். எல்லாருக்கும் ஒழுங்கா வர்ற அளவு உனக்கு மட்டும் எப்படி ஏறுது?"

கேட்டது மேலதிகாரி ஹார்லன். நியூ ஜெர்சியில் வெயில் க்ரீம்களைச் சோதிக்கும் அந்தக் கூடத்தில் டெல்பின் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வேலைக்கே ஆபத்து வந்துவிட்டது.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார் பள்ளி பஸ் ஓட்டும் ஸ்டாஷு. காசுக்குச் சோதனைக்கு வருகிறவர். நேற்று அவர் முதுகில், குழந்தைகளுக்கான புது க்ரீமைத் தடவி, புற ஊதா விளக்கைக் காட்டியிருந்தார்கள். இன்று தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் க்ரீம் தோல்வி.

டெல்பினுக்கு வந்தது பதினேழு.

"கண்ணு ஏமாத்தும்னுதானே மெஷின் வாங்கியிருக்கோம்! அதையும் வைக்கத் தெரியலைன்னா எப்படி? தள்ளு."

ஹார்லன் கருவியை அதே இடத்தில் வைத்தார். பன்னிரண்டு.

"பாத்தியா? இருபது வருஷக் கை. பன்னிரண்டுன்னு எழுதி கையெழுத்துப் போடு. க்ரீம் கம்பெனிக்காரங்க வாசல்ல நிக்கறாங்க."

அவர் வெளியே போனார். டெல்பின் பேனாவை எடுத்தாள், எழுதாமலே கீழே வைத்தாள்.

"என் கைதான் சரியில்ல போல. ரொம்ப வலிச்சுதா?" என்றாள்.

"உங்க கையா?" தலையைத் திருப்பினார் ஸ்டாஷு. "நீங்க வச்சதே தெரியல. அந்த மனுஷன்தான் முதுகு மறுபக்கம் வர்ற மாதிரி அழுத்தறார். எப்பவும் அப்படித்தான்."

டெல்பின் கருவியை மறுபடி கையில் எடுத்தாள். அதே இடத்தில் மெல்ல வைத்தாள். பதினேழு.

"பொறுத்துக்குங்க" என்று சொல்லி, பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். பன்னிரண்டு!

கருவியை எடுத்தாள். ரத்தம் ஒதுங்கி வெளுத்திருந்த வட்டம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சிவந்தது.

கதவு திறந்தது. "எழுதிட்டியா?"

வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். தாளை அவர் பக்கம் நீட்டினாள்.

"எழுதிட்டேன், ஹார்லன். பதினேழு. பன்னிரண்டுதான் வேணும்னா, வெயில்ல விளையாடற ஒவ்வொரு குழந்தை முதுகையும் நீங்கதான் போய் அழுத்திப் பிடிக்கணும்."