திரையில் வராத கதவு

சிறுவயதில் உயிராய்ப் பார்த்த தொலைக்காட்சித் தொடரின் ‘நீலநாரை’ விண்கலத்தை நஸ்ரின் கணினிக்குள் அச்சு அசலாகக் கட்டி முடித்திருந்தாள். தொடரில் காட்டாத ஒரு திருகாணியைக்கூடச் சேர்க்கக் கூடாது என்பது ரசிகர்களின் கட்டுப்பாடு.

கணவன் ஷாநவாஸின் உடம்பு சோபாவில் கிடந்தது. அவன் நினைவு மட்டும் கணினிக்குள் இருந்த அந்தக் கலத்தில் உலாவிக்கொண்டிருந்தது.

“அசத்திட்ட நஸ்ரின். சரி, நான் வெளிய வரேன். கதவு எந்தப் பக்கம்?” என்று அவன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

நஸ்ரின் கதவே வைக்கவில்லை. தொடரில் யாரும் கலத்தைவிட்டு இறங்கியதேயில்லை, கதவைக் காட்டியதுமில்லை. கதவைத் தாண்டாமல் நினைவு உடம்புக்குத் திரும்பாது. உள்ளே ஆள் இருக்கையில் கலத்தில் கைவைத்தால் நினைவே அழிந்துவிடும்.

சோபாவில் கிடந்த கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“அதுக்குள்ள என்ன அவசரம்? எஞ்சின் ரூம நீங்க இன்னும் பாக்கவேயில்லயே,” என்றாள்.