தையலுக்கு ஏற்ற படம்

“இதைப் பார்த்தா நீர் செத்துப்போவீர்” என்று சொல்லி, தவராசா அந்தப் படத்தையும் தள்ளிவிட்டார். திரையில் இரண்டு தடியர்கள் ஒரு கழுதையைக் காருக்குள் ஏற்றப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோபாவில் தலையணைகளில் சாய்ந்திருந்த அவர் மனைவி சுலோஜனா அடுத்த படத்துக்குக் காத்திருந்தாள். பித்தப்பையை எடுக்க வயிற்றைக் கீறித் தைத்து, அவளை வீட்டுக்கு அனுப்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பாரம் தூக்கக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

முந்தாநாள் ஒரு சின்ன இருமலுக்கே காயத்தில் ரத்தம் கசிந்து, இருவரும் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தையல் முழுதாகப் பிரிந்தால் திரும்பவும் மயக்க மருந்து, திரும்பவும் கத்தி என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

“அழலாமோ?” என்று தவராசா கேட்டுவைத்தார். டொக்டர் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, மெதுவாக அழுதால் பிழையில்லை என்றார்.

மனைவியைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு நின்ற தவராசா இதுவரை தொட்டது எதுவும் உருப்படவில்லை. வைத்த சூப் அடிப்பிடித்தது. தோய்த்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ரோஸ் நிறத்தில் வந்தன. படம் தேடிப் போடுவதிலாவது பெயர் வாங்கிவிட வேண்டும் என்று காலையிலிருந்து ரிமோட்டும் கையுமாக இருந்தார்.

சண்டைப் படம் போட்டால் சுலோஜனா திடுக்கிட்டாள், திடுக்கிட்டால் வயிறு இழுத்தது. சோகப் படம் போட்டால் குறட்டை விட்டாள்.

“இப்ப எடுக்கிறவங்களுக்கு ஆக்களை அழவைக்கத் தெரியாது” என்றவருக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. “இஞ்சரும், எங்கட படத்தைப் போடுவமோ?”

சுலோஜனாவின் முகம் மாறியது. “அது வேண்டாமப்பா. இந்த நிலைமையில எனக்கு அது தாங்காது.”

தவராசாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் தாங்காதாம்.

‘உறைபனியில் ஓர் உயிர்’ அவர் எடுத்த ஒரே படம். அகதியாக வந்த புதிதில், ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டே, இரவல் கமராவில் எடுத்தது. கதை, வசனம், இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவரே, ஏனென்றால் வேறு யாரும் கேட்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டபோது சுற்றுவட்டாரத் தமிழ்ச்சனம் எல்லாம் வந்திருந்தது. கதாநாயகன் சாகிற கட்டத்தில் மண்டபமே குனிந்துவிட்டது. ஆண்கள் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் வாயைப் பொத்தினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் கண்ணீர் வடித்தாள். அவள்தான் சுலோஜனா.

பிறத்தியார் துயரத்துக்கே இப்படி உருகுகிறவள் கட்டினவனுக்கு எவ்வளவு உருகுவாள் என்று தவராசா அந்த இடத்திலேயே முடிவு கட்டி, பெண் கேட்டு ஆள் அனுப்பினார். கமரா பிடித்த பென்ஜமின் மட்டும் அவரைத் தனியே கூட்டிப்போய், “இனி எடுக்காதை மச்சான், சனம் தாங்காது” என்றான். சனத்தின் மேல் இருந்த இரக்கத்தில் தவராசாவும் அத்தோடு கலையைக் கைவிட்டார்.

அந்தப் பழைய கசெட்டை மகள் ஆதிரை யூஎஸ்பியில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். “தாங்கேலாட்டிச் சொல்லும், நிப்பாட்டுறன்” என்றபடி தவராசா அதை டிவியில் செருகி, நேரே கடைசிக் கட்டத்துக்குப் போனார்.

வுப்பர்டால் நகரின் தொங்குரயில் தலைக்கு மேலே ஓட, கீழே தலை நிறைய முடியோடு தவராசா விழுந்து கிடந்தார். அந்த வருடம் பார்த்துப் பனி கொட்டவில்லை. அதனால் நண்பன் ஐங்கரன் ஏணியில் நின்று கோதுமை மாவைத் தூவியிருந்தான். “அம்மா, நான் போறன்” என்று கண்ணை மூடிய கதாநாயகன், போகாமல் இன்னும் நெடுநேரம் பேசினான்.

சுலோஜனா ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். தோள் குலுங்கத் தொடங்கியது, கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. அன்றைக்குப் பார்த்த அதே தோள், அதே கண்ணீர். தவராசா பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். டிஷ்யூ எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

“அழும், அழும். மெல்லமா அழலாமெண்டு டொக்டர் சொன்னவர்தானே.”

திரையில் ஒருவழியாகச் செத்துவிட்டவனின் மூக்கு மாவில் துடித்தது. பிணம் பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு, அவசரமாகத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டது. அந்தத் தும்மலை வெட்டாமல் விட்டது தவராசாவுக்கு இன்றுவரை ஒரு மனக்குறை.

சுலோஜனா எட்டி அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பறித்து நிறுத்தினாள். சட்டையைத் தூக்கிக் காயத்துக் கட்டைப் பார்த்தாள். நல்ல காலம், நனையவில்லை. மீசை முழுக்க மாவோடு கதாநாயகன் திரையில் அப்படியே நின்றான்.

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணவனின் கையைப் பிடித்தாள். மூச்சு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“அண்டைக்கும் நான் அழேல்லையப்பா.”