பின்னால் வந்த கார்

சிக்னலில் நிற்காமல் போனதை யாரோ கார் கேமராவில் பிடித்து அனுப்பியதில், அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து வந்திருந்தது.

"எதிர் வீட்டுக்காரன்தான். அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்று போலீஸ் நிலைய வாசலில் கறுவினார்.

"உங்க மேனேஜரா இருக்கும். எவனா இருந்தாலும் விளங்கவே மாட்டான்" என்றாள் மனைவி.

"யார் அனுப்பினாங்கன்னு சொல்லக் கூடாது சார்" என்ற இன்ஸ்பெக்டர் வீடியோவை ஓட விட்டார்.

சிவப்பு விளக்கைத் தாண்டி அவர் கார் பறந்தது. உடனே, கேமரா இருந்த காருக்குள் ஒரு நாய் குதூகலமாகக் குரைத்தது.

தினமும் சாயங்காலம் அவர் கார் வாசலுக்கு வரும்போது அவர் வீட்டு நாய் குரைக்கிற அதே குரைப்பு.

மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"சத்தம் போடாதேன்னு அன்னிக்கே அதட்டினேன்" என்றாள் அவள். "உங்களை மாதிரியே, எங்க சொன்ன பேச்சைக் கேக்குது?"