அலமாரிப் பூட்டின் விண்ணப்பம்

ஓர் அலமாரியில் வேட்டைத் துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும் குடியிருந்தன. கடலைக்காட்டில் பன்றி புகுந்தால் சட்டென்று எடுக்க வேண்டுமென்று, அலமாரிப் பூட்டைத் திறந்தே தொங்கவிட்டிருந்தார்கள். பயம் தாளாமல் பூட்டு வேட்டைத் துப்பாக்கியிடம் கெஞ்சியது: "அண்ணே, வீட்டுக்காரர் உங்கள் பேச்சைத்தான் கேட்பார். என்னைப் பூட்டச் சொல்லுங்களேன்."

"குட்டியோடு வரும் பன்றியைக்கூடச் சுடாதவன் நான். எனக்கா பூட்டு?" என்று சீறியது வேட்டைத் துப்பாக்கி.

"அண்ணன் சொன்னால் சரிதான்," என்று குழைந்தது கைத்துப்பாக்கி.

வரப்புத் தகராறு முற்றிய அன்று, வீட்டுக்காரன் கைத்துப்பாக்கியை எடுத்துத் தன் தம்பியைச் சுட்டுக் கொன்றான். அவனும் கைத்துப்பாக்கியும் போலீசாரோடு போனார்கள்.

"இப்போதாவது சொல்வீர்களா, அண்ணே?" என்றது பூட்டு.

"எதற்கு? குற்றவாளிதான் போய்விட்டானே!"

சித்தப்பா வீட்டார் பழிவாங்குவார்கள் என்று அஞ்சிய வீட்டுக்காரன் மகன் மறுவாரமே புதுக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"வணக்கம் அண்ணே," என்றது அது.